இடாப்பில் இருந்தவர்களும் நீங்கியவர்களும்

நான் யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்பில் இருந்த 1983ஆம் ஆண்டின் மூன்றாம் தவணையில் எங்கள் வகுப்பின் இடாப்பு, அதாவது பெயர்ப் பதிவேடு, அகரவரிசையை இழந்தது. கொழும்பில் தமிழருக்கெதிராக வெடித்த யூலைக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளை அதிபர் முன்னைய பாடசாலையிலிருந்து விலகியதற்கான விடுகைப் பத்திரம் கேளாமலே சேர்த்துக்கொண்டார். வகுப்பாசிரியை அவர்களின் பெயர்களை அடியிலே, வந்த ஒழுங்கில், வேறு மையில் எழுதிக்கொண்டு போனார். என் பக்கத்தில் வந்து அமர்ந்தவன் கொழும்பு வெள்ளவத்தையில் படித்தவன். அவன் அணிந்திருந்த வெள்ளைச் சட்டை, அவனுடைய குடும்பத்தை இரண்டு இரவுகள் தம் வீட்டுப் பின்னறையில் ஒளித்து வைத்திருந்த சிங்கள அயலவரின் மகனுடையது. சட்டைப்பையில் தைத்திருந்த வேறொரு பாடசாலையின் சின்னத்தைப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் கையில் கடதாசி வைத்திருந்தார்கள் என்று அவன் சொன்னபோது, அது என்ன கடதாசி என்று கேட்கும் வயது எனக்கு இல்லை.

அது வாக்காளர் இடாப்பு என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. யூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதும், மறுநாள் கொழும்பின் பொரளை கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டம் கொழும்பெங்கும் பரவியதும் உண்மையே. ஆயினும் அதனை மக்களின் ஆத்திரம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்ட விளக்கத்தை என்னால் என்றுமே ஏற்க முடிந்ததில்லை. ஆத்திரம் கொண்டவன் கல்லை எடுப்பான். எந்தத் தெருவில் எந்த வீட்டில் தமிழர் இருக்கின்றனர் என்பதை இலக்கத்தோடு அறிந்து வருவதற்கு ஒரு காரியாலயத்தின் உதவி வேண்டும். வெலிக்கடைச் சிறையில் 25ஆம் திகதியும் 27ஆம் திகதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசின் பூட்டுக்குள்ளேயே இருந்தவர்களைக் காக்க இயலவில்லை என்று ஓர் அரசு சொல்லுமானால், அது ஒருமுறைக்கு வேண்டுமானால் பொருந்தலாம். ருவாண்டாவில் 1994இல் வீதித் தடைகளில் நின்றவர்கள் பார்த்தது, பெல்ஜிய ஆட்சி 1930களில் ஹூட்டு, டுட்சி என்று குறித்துக் கொடுத்த வழக்கம் தொடர்ந்துவந்த அடையாள அட்டைகளைத்தான். கொலை செய்தவர்கள் பின்னால் வந்தவர்கள். நிரலை வரைந்தவர்கள் முன்னரே வந்துபோய்விட்டார்கள்.

எங்களுக்கு உயர்தர வகுப்பில் விலங்கியல் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் பாடத்தின் நடுவே கரும்பலகையில் 250 என்றும் 229 என்றும் எழுதினார். எழுபதுகளின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் ஒருவர் 400க்கு எடுக்கவேண்டியிருந்த புள்ளி முன்னது. சிங்கள மொழிமூல மாணவருக்குரியது பின்னது. அந்த ஆசிரியருடைய புள்ளி அவ்விரண்டுக்கும் நடுவில் விழுந்திருந்தது. கோபப்படாமல், கதை சொல்வது போலச் சொல்லிவிட்டு அழித்துவிட்டார். பின்னர் வந்த மாவட்டக் கோட்டாவினால் வன்னியையும் மன்னாரையும் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் பயன்பெற்றார்கள் என்பதை அவரே சொன்னார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். நமது பழைய மாணவர் சங்க மலர்களில் தரப்படுத்தல் என்ற இந்தப் பல்கலைக்கழக அனுமதி முறை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் மொழியைக் கொண்டு மாணவனுக்கு விலை வைத்த அந்த முதல் ஆண்டுகள் போட்ட காயம் வேறுவகையானது. அன்று அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் இருந்த சிலர் பிறகு ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்குப் போனார்கள். அவர்கள் போனதற்கு அந்த இரண்டு எண்கள் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் கரிந்த சுவர்களைக் கடந்துதான் அவர்களும் நாள்தோறும் சைக்கிளில் வந்துபோனார்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்த என் தலைமுறைக்குத் தரப்படுத்தலே தொடக்கமாகத் தோன்றும்; சற்று மூத்தவர்களுக்கு 1956இன் தனிச் சிங்களச் சட்டம். நான் அதற்கும் முன்னே போவேன். 1948இல் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று, அவர்களைக் கேளாமலே, இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. அக்காலத்தில் வடபகுதியில் வசதியாக இருந்த தமிழர் பலர் அதைத் தமக்குரிய விடயமாகக் கொள்ளவில்லை. ஒரு கூட்டத்தை எண்ணிக்கையாக மாற்றிக் கையாள முடியும் என்பதை அரசு கற்றுக்கொண்டது அங்கேதான் என்பது என் எண்ணம்.

இனி, நம்மவர் செய்ததற்கு வருகிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கமாகக் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். நகைகளும் காணி உறுதிகளும் வழியிலே பறிக்கப்பட்டன. அம்மாத முடிவுக்குள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அகற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தின் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். எங்கள் உயர்தர வகுப்பில் சோனகதெருவிலிருந்து வந்த மூவர் இருந்தனர். அடுத்த முறை வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டபோது, அம்மூவரின் பெயர்களையும் வழமை போலக் கூப்பிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் சற்றுப் பொறுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். மாத முடிவில் அவற்றின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. காரணம் எழுதும் இடத்தில் 'இடமாற்றம்' என்றிருந்தது. அதற்குமேல் எழுதக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. நமக்கு நேர்ந்ததை இனப்படுகொலை என்று உலகத்திடம் முறையிடும் நாம், இதனை இனச்சுத்திகரிப்பு என்று சொல்லத் தயங்கினால், நமது முறையீட்டைக் கேட்பவருக்கு நம்மை நம்பக் காரணம் இராது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30இல், போரினால் யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து, கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நான் அப்போது வெளிநாட்டில் இருந்தேன். நாவற்குழி வீதியில் மழைக்குள் இரவு முழுவதும் அடிமேல் அடியாக நகர்ந்ததை அக்கா சொல்லிக் கேட்டதுதான். அந்த இடப்பெயர்வோடு கல்லூரியின் இடாப்புகளே மரநிழலுக்குப் போய்விட்டன.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிப் போரில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது. 1948 டிசெம்பர் 9இல் ஏற்கப்பட்ட இனப்படுகொலைச் சாசனம், ஒரு கூட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிறுவப்பட வேண்டும் என்கிறது. அந்த நோக்கத்தைப் பற்றிய வழக்கைச் சட்டம் அறிந்தவர்கள் வாதிடட்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன் வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்டான். அதன்பின் அவனைக் கண்டவர் இல்லை. அவனுடைய தாயார் மரணச் சான்றிதழையும் வாங்கவில்லை, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழையும் வாங்கவில்லை. குடும்ப அட்டையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவனுடைய பெயரையும் எழுதச் சொல்லிக் கிராம அலுவலருடன் வழக்காடுகிறார். நான் சென்றிருந்தபோது அந்த அட்டையை எடுத்துக் காட்டி, "தம்பி, இவங்கள் வெட்டினால் நான் திரும்ப எழுதுவிப்பன்" என்றார். வயது அவருக்கு எண்பதை நெருங்குகிறது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில் இருந்து, காணாமற்போன பிள்ளைகளுக்காகப் போராடிவரும் தாய்மாருள் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

இவ்வளவையும் நான் எழுதுவதற்கு உடனடிக் காரணம், நமது சங்கம் தொகுக்கத் தொடங்கியிருக்கும் பழைய மாணவர் பெயர்த் திரட்டு. அதற்கான படிவத்தில் விடுகைப் பத்திரத்தின் பிரதி இணைக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வெளியேறியவர்களிடமும், கொழும்பிலிருந்து வந்து ஓராண்டு படித்துவிட்டுக் கனடாவுக்கோ இந்தியாவுக்கோ போனவர்களிடமும், வலிகாமத்தைவிட்டு நடந்தவர்களிடமும் அந்தப் பத்திரம் இராது. காணாமற்போனவர்களுக்காக விண்ணப்பிக்கப் படிவத்தில் இடமே இல்லை. உடன் படித்த இருவர் உறுதிப்படுத்தினால் போதும் என்று விதியை மாற்றுமாறு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவருகிறேன். வழிமொழிவதற்கு, இப்போது புத்தளத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழர் இசைந்திருக்கிறார். அவர் இன்னும் உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை என்பதால், அதற்கும் செயற்குழு ஒரு வழி சொல்ல வேண்டியிருக்கிறது.