ஆபீசுக்கு என்ன நட்டம் சாரே?

“எனக்க கூலியில இருந்துல்லா குடுத்தேன். ஆபீசுக்கு என்ன நட்டம் சாரே?”

எங்கள் முந்திரி ஆலையில் (எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்போம்) பருப்புத் தோல் உரிக்கும் பீலிங்கில் உட்காரும் ஒரு அக்கா என்னிடம் கேட்டது இது. நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பதில் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் கேள்வி போகமாட்டேன் என்கிறது.

விஷயம் சின்னது. எடை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அக்கா தன் தட்டிலிருந்து முழுப்பருப்பை அள்ளிப் பக்கத்தில் இருந்த மாமியின் தட்டில் போட்டார். மாமியின் தட்டிலிருந்த உடைசலை அதே அளவுக்குத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். கை பழகிய வேகத்தைப் பார்த்தால் அன்றைக்குத்தான் தொடங்கியது போலத் தெரியவில்லை. எங்கள் அண்டி ஆபீசில் முழுசுக்கு ஒரு கூலி, உடைசலுக்கு அதைவிடக் குறைவு. அதனால் அக்காவுக்கு நஷ்டம், மாமிக்கு லாபம், மொத்தத்தில் ஆபீசுக்கு ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. அக்காவின் கணக்கில் தப்பே கிடையாது.

மறுநாள் இரண்டு பேரையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

நான் சொன்ன பதில்: “நோட்டுல இருக்கிற கணக்கு பொய்யாப் போயிரும் அக்கா.”

இதைச் சாக்கு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். போர்மா என்கிற உலர்த்தும் அறையில் ஏறக்குறைய 70 டிகிரியில் ஆறேழு மணி நேரம் காய்ந்துதான் பருப்பு பீலிங்குக்கு வருகிறது. காய்ச்சல் கூடினால் தொட்டதும் பிளக்கும். குறைந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், கத்தியை அழுத்த வேண்டும், அப்போதும் உடையும். நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஒரு நாள் சரியாக இருந்த சூடு அடுத்த நாள் சரியாக இருக்காது. உடைசல் கூடிவிட்டது என்றால் நான் முதலில் பார்ப்பது தட்டு வாரியான கணக்கை. எல்லாத் தட்டிலும் கூடியிருந்தால் போர்மா, ஒரு தட்டில் மட்டும் என்றால் கை. தட்டுகள் கலந்துவிட்டால் போர்மாக்காரரைத் திட்டுவதா, பீலிங்கைத் திட்டுவதா என்று எனக்கே தெரியாது. டபிள்யூ 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு. உடைந்த பருப்புக்கு ருசி ஒன்றும் குறையாது, விலைதான் விழும். அந்த விலையில்தான் எல்லாருடைய கூலியும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்புறம், “போர்மா கூடிப்போனா நான்தானே சாரே முதல்ல வந்து சொல்லுவேன்? நோட்டைப் பாத்தா தெரிஞ்சுக்கிடுவீங்க?” என்றார்.

அதுவும் உண்மைதான். பல தடவை அப்படி நடந்திருக்கிறது. முதல் கிலோ முடிவதற்குள் எழுந்து வந்து, “இன்னைக்கு போர்மா சரியில்ல” என்பார். நோட்டு எனக்குச் சாயங்காலம் சொல்வதை அக்கா காலையிலேயே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு ஆளின் நல்ல மனசை நம்பி ஒரு ஹாலை நடத்த முடியுமா? அந்த ஆள் லீவு போட்டால் என்ன செய்வது? இன்றைக்கு மனம் இரங்கிக் கொடுக்கிறவரின் இடத்தில் நாளைக்கு மிரட்டி வாங்குகிறவர் வந்து உட்கார்ந்தால்? இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது.

மாமியின் விவகாரம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கண்ணில் புரை. ஜனவரியில் அறுவை செய்துகொள்ள நினைத்திருந்தார். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கணக்குப்படி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. வீட்டில் இருக்கும் நாளில் அது பெரிய பணம். எங்கள் ஆபீசிலோ, ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை வரத் தாமதமானால் உடைசல் கூடினவர்களைக் கூப்பிடுவதில்லை. கண் தெரியாததால் உடைசல், உடைசலால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் 78 நாள் சேராது, கண்ணுக்கு மருத்துவம் பார்க்கும்போது கையில் காசு இருக்காது. இந்த வட்டத்தை அக்கா இரண்டு கைப் பருப்பால் உடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது செப்டம்பரில்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் குழப்பம். வரத்து குறைந்த நாட்களில் மாமியைத் தோல் புடைக்கிற வேலைக்கு நாள் கூலியில் கூப்பிட்டேன். அந்த வேலை உண்மையில் இருந்தது, ஆனால் அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. மாமிக்கு நாட்கள் சேர்ந்துவிட்டன. அக்கா கொடுத்தது தன் கூலியிலிருந்து. நான் கொடுத்தது முதலாளியின் காசிலிருந்து. அக்கா செய்ததற்குப் பெயர் கள்ளக்கணக்கு, நான் செய்ததற்குப் பெயர் நிர்வாகம்.

இருந்தாலும் ஒன்று. நான் செய்தது நோட்டில் இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டலாம்.

நாகர்கோவிலில் ஒரு பயிற்சி வகுப்பில் டெமிங் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொன்னார்கள். 1950-இல் ஜப்பான்காரர்களுக்குத் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர். 3200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி கலந்த பெட்டியில் 50 குழி உள்ள பலகையை விட்டு எடுக்கச் சொல்வாராம். சிவப்பு வந்தால் குறை. குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குத் திட்டு. ஆனால் சிவப்பு வருவது எடுத்தவர் கையிலா இருக்கிறது? ஆளை அளக்காதே, வேலை நடக்கும் முறையைப் பார் என்பது அவர் கட்சி. வகுப்பில் எல்லாரும் தலையாட்டினோம். எனக்கு முழுசாக ஒப்பவில்லை. மணி எடுப்பதில் கைத்திறன் ஒன்றும் இல்லை, பருப்பு உரிப்பதில் இருக்கிறது. நல்ல கைக்குக் கூடுதல் கூலி கொடுக்காவிட்டால் அந்தக் கை பக்கத்து ஆபீசுக்குப் போய்விடும். கருங்கல் பக்கம் ஆபீசுக்கா பஞ்சம்? ஆனால் மாமியின் தட்டில் இருந்த உடைசலில் எவ்வளவு கை, எவ்வளவு கண், எவ்வளவு போர்மா என்று என் நோட்டு ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை. அதுவும் நிஜம்.

மாமிக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்து பழையபடி உரிக்கிறார். உடைசல் குறைந்துவிட்டது. அக்காவும் வருகிறார். கணக்கு சுத்தம், முழுப்பருப்பு எப்போதும்போல ஹாலிலேயே அதிகம். ஆனால் போர்மா கூடிப்போனது என்று இப்போது வந்து சொல்வதில்லை. ஒருநாள் நானே போய்க் கேட்டேன். “நோட்டுல வருமே சாரே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கு அந்த லாட் முழுவதும் பிளந்துபோய், சாயங்காலம் நோட்டில் வந்தது. அதற்கு நஷ்டம் எவ்வளவு என்று என்னால் கணக்குப் போட முடியும். போட்டேன். முதலாளியிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

வேறொன்று மட்டும் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சேர்த்து எடை போட்டு, கூலியைப் பங்கிட்டால் என்ன? அவர் என்னை ஒருமாதிரி பார்த்து, “அப்ப உடைசல் கூடினா யாரைக் கேப்பீரு?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஏப்ரலில் புது வரிசை போட வேண்டும், அதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.