அறுத்த வயலில் ஆயிரம் வாத்து

பொங்கல் கழித்து திருவாரூர் பக்கம் அம்மா ஊருக்குப் போயிருந்தேன். சம்பா அறுப்பு பாதி முடிந்திருந்தது. தாள் நின்ற ஒரு வயலில் ஆயிரம் வாத்துக்குக் குறையாமல் மேய்ந்துகொண்டிருக்க, பின்னால் ஒரே ஒருவர் நீள மூங்கில் கழியோடு நடந்தார். கழி நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. அதை ஒரு தடவைகூட எந்த வாத்தின் மேலும் போடவில்லை. இந்தப் பக்கம் நீட்டினால் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஒதுங்குகிறது. வரப்பில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"எந்த ஊருண்ணே?" என்றேன். விழுப்புரம் பக்கமாம். குறுவைக்கு ஒரு ஊர், சம்பாவுக்கு ஒரு ஊர் என்று அறுப்பு எங்கே நடக்கிறதோ அங்கே போவார்களாம். ஆயிரம் வாத்துக்குத் தீனி வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது, சிந்திய நெல்லும் நத்தையும் புழு பூச்சியும்தான் தீனி, அது தீர்ந்தால் அடுத்த வயல். வயல்காரருக்கு நத்தை குறைகிறது, எச்சம் எருவாகிறது. ஆனாலும் சில ஊரில் மேய்ச்சலுக்குப் பணமோ முட்டையோ கொடுத்தாக வேண்டுமாம்.

இந்த வேலையில் கஷ்டமான பகுதி ராத்திரிதான். வாத்து பெரும்பாலும் விடிவதற்குள் முட்டையிட்டுவிடும் என்பதால், பொழுது சாய்ந்ததும் மேட்டில் வலையைச் சுற்றிக் கட்டிப் பட்டியில் அடைத்துவிட்டு, நாய்க்கும் நரிக்கும் காவலாகப் பக்கத்திலேயே படுத்து, காலையில் முட்டையைப் பொறுக்கிய பிறகுதான் திறக்கிறார்கள். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் முட்டை வாய்க்காலோடு போய்விடும். அப்புறம், நாட்டு வாத்து சரியாக அடையில் உட்காராது. ஊர்களில் கோழியை வைத்துத்தான் பொரிக்கவிடுவார்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள், பாவம், அந்தக் கோழி ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டும்!

கேரளத்தின் குட்டநாட்டிலும் இதே தொழில்தான். அங்கே சாரா, செம்பல்லி என்று இரண்டு வகை வாத்து. 2014 நவம்பரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது அங்கே கூட்டம் கூட்டமாக வாத்துகளைக் கொன்று எரித்தார்கள், 2021 ஜனவரியில் மறுபடியும். ஒரே வாரத்தில் பட்டி காலி.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக இருளர், ஏனாதி பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளை வாத்து மேய்க்க அனுப்பும் கொடுமை இன்னும் இருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்துவிட்டது. தனியாக ஒரு சின்னப் பையன் வாத்துக் கூட்டத்தோடு நிற்பதைப் பார்த்தால் பள்ளிக்கூடம் போகிறானா என்று நின்று கேளுங்கள், சரியாகப் படவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இங்க அடுத்து யாரு வயலு அறுப்பு? மருந்து அடிச்சு எத்தன நாளு ஆச்சு?" மருந்து வாடை போகாத வயலில் இறக்கினால் கூட்டமே சாய்ந்துவிடுமாம். அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். இன்னும் நாலு நாளில் அறுப்பு, மருந்து அடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். அதை அப்படியே அவரிடம் சொல்லி, வயலுக்கு வழியும் காட்டிவிட்டு வந்தேன்.