எரர் கோடு சொல்வதும் வயர் சொல்வதும்

ஹிட்டாச்சியோ லோடரோ, எந்தக் கனரக இயந்திரமாக இருந்தாலும், திரையில் 'எஞ்சின் கன்ட்ரோலருடன் தொடர்பு இல்லை' என்று வந்துவிட்டால் உரிமையாளர் முதலில் விசாரிப்பது, எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரின் விலையைத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. திரையில் அந்தப் பெயர்தானே வருகிறது. ஆனால் இந்த வகை எரர் கோடு, செய்தி வரவில்லை என்று முறையிடுபவரின் வாக்குமூலமே தவிர, பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான தீர்ப்பு அன்று. நான் சர்வீஸ் வேலையில் பார்த்த தகவல் தொடர்புப் பழுதுகளில் பெரும்பாலானவை வயரிலும் கனெக்டரிலும் எர்த்திலும்தான் இருந்தன.

இந்த இயந்திரங்களில் எஞ்சின், ஹைட்ராலிக் பம்ப், மானிட்டர் ஆகியவற்றின் கன்ட்ரோலர்கள் தனித்தனி வயர்களில் பேசிக்கொள்வதில்லை. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் முறையில், முறுக்கிவிடப்பட்ட இரண்டே வயர்களில் எல்லாரும் பேசுகிறார்கள், எல்லாரும் கேட்கிறார்கள். கனரக வாகனங்களுக்கான ஜே1939 தரத்தின்படி மஞ்சள் வயர் கேன்-ஹை, பச்சை வயர் கேன்-லோ. பரவலாகப் பயன்படும் வேகம் நொடிக்கு 2,50,000 பிட். வரவேண்டிய செய்தி குறித்த இடைவெளியில் வராவிட்டால் எதிர்முனையில் இருக்கும் கன்ட்ரோலர் ஒரு எரர் கோடைப் பதிந்துவிடும். எஸ்பிஎன் (எதில் பழுது என்ற எண்) 639, எஃப்எம்ஐ (எந்த வகைப் பழுது என்ற எண்) 9 என்று நாம் பார்ப்பது அப்படிப்பட்ட முறையீடுதான்.

இந்த இரு வயர்த் தடத்தின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒன்பது பின் கொண்ட டயக்னாஸ்டிக் கனெக்டரில் சி, டி பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையின் மின்தடை கழன்றிருக்கிறது அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சாவியைப் போட்ட பிறகு எர்த்துடன் ஒப்பிட்டு அளந்தால் கேன்-ஹை 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும், கேன்-லோ சற்றுக் கீழும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி வரும். விலை உயர்ந்த லேப்டாப் மென்பொருளைத் திறப்பதற்கு முன் இந்த அளவுகளை எடுத்துவிடுவது என் வழக்கம்.

ஆனால் மீட்டர் காட்டுவது அந்த நொடியின் நிலையை மட்டுமே. கரூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் எக்ஸ்கவேட்டர் ஒன்று நாளெல்லாம் டிப்பர்களுக்கு ஒழுங்காக லோடு போடும். திடீரென்று ஒரு நேரம் எஞ்சின் ஐடிலுக்கு இறங்கி, திரையில் கோடு வந்து நின்றுவிடும். கன்ட்ரோலரை மாற்றச் சொல்லி யாரோ ஏற்கெனவே யோசனை கூறியிருந்தார்கள். நிறுத்திய இயந்திரத்தில் அளந்தால் சரியாக 60 ஓம். அப்போது ஆபரேட்டர்தான் வழி காட்டினார்: "பக்கெட்டு போட்டு ஓட்டுனா ஒண்ணும் ஆகாது சார், பிரேக்கர் மாட்டி அடிச்சாத்தான் நிக்குது."

பாறையை உடைக்கும் சுத்தியலான பிரேக்கர் அடிக்கும்போது மட்டும் என்றால் காரணம் அதிர்வு. பதிவாகியிருந்த கோடுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மானிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் எஞ்சினைக் காணோம் என்றன. எஞ்சின் கன்ட்ரோலர் அவை இரண்டையும் காணோம் என்றது. ஆனால் மானிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் ஒன்றைப் பற்றி ஒன்று முறையிடவே இல்லை. யார் யாரைப் பற்றிப் பேசவில்லை என்பதும் சான்றுதான். அந்த இரண்டும் தடத்தின் ஒரே பக்கத்தில் நலமாக இருக்கின்றன. பழுது அவற்றுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. மீட்டரை மாட்டியபடியே, கேபினிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் வயர்க் கட்டான ஹார்னஸைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டு போனபோது, ஓரிடத்தில் 60 என்பது 120-க்குத் தாவியது. ஹார்னஸைப் பிடித்திருந்த கிளாம்ப்பின் ரப்பர் தேய்ந்துபோய், வெறும் இரும்பு வயரை ஓயாமல் அழுத்தியிருக்கிறது. பச்சை வயரின் மேலுறையில் லேசான பள்ளம் மட்டுமே தெரிந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் நின்றன.

அந்த இடத்தை வெட்டி, முனைகளை அழுத்தி இணைக்கும் கிரிம்ப் ஸ்ப்ளைஸ் போட்டு, சூட்டில் சுருங்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஏற்றி, பழைய முறுக்கையும் முடிந்தவரை திரும்பக் கொண்டுவந்தேன். சால்டர் வைப்பதை இத்தகைய இடங்களில் நான் தவிர்க்கிறேன். ஈயம் ஊறி விறைத்த வயர், அதிர்வில் அந்த விளிம்பிலேயே மறுபடி ஒடியும். பிறகு பிரேக்கரை மாட்டி, பாறையில் நன்றாக அடிக்கவைத்துப் பார்த்த பின்பே வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கினேன்.

எல்லாரும் ஒரே கன்ட்ரோலரைக் காணோம் என்று சொன்னால் விசாரணை வேறு திசையில் போகும். முதலில் அதற்கு மின்சாரம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே மீட்டர் மட்டும் போதாது: ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும், ஏனெனில் அது இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். ஒரு 24 வோல்ட் ஹெட்லைட் பல்பை அந்த சப்ளைக்கும் எர்த்துக்கும் இடையே கொடுத்துப் பார்த்தால் பல்பு மங்கலாக எரிந்து குட்டை உடைத்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கோடு வருகிறதென்றால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆடியோ செட் இணைப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். அந்தப் பேட்டரி மட்டும் சார்ஜ் குறைந்துகொண்டே போய், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோலர் அணைந்து எழும். அந்த இடைவெளியில் மற்றவை கோடு பதிந்துவிடும்.

இப்போது இவற்றோடு ஜிபிஎஸ் கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. டீசல் கணக்குக்காக உரிமையாளர்கள் வெளியாரை வைத்து மாட்டுகிற சில கருவிகளுக்குள்ளேயே 120 ஓம் மின்தடை ஒன்று இருக்கும். அதோடு தடத்தில் இணைத்தால் மூன்று மின்தடைகள் சேர்ந்து மீட்டர் 40 ஓம் காட்டும். இயந்திரம் ஓடத்தான் செய்யும். ஆனால் சமிக்ஞையின் உயரம் குறைந்து, வெயிலிலும் அதிர்வில் தளர்ந்த பின்களிலும் எப்போதாவது தடுமாறும். கருவியின் வேகத்தைத் தவறாக அமைத்து, கேட்பது மட்டும் என்ற நிலையிலும் வைக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம்: தனக்குப் புரியாத ஒவ்வொரு செய்தியையும் பிழை என்று கூவி, முழுத் தடத்தையும் அது குழப்பிவிடும். மாட்டியவர் வயரின் உறையைத் துளைத்து இணைக்கும் ஸ்காட்ச் லாக் கிளிப்பைக் குத்தி, முறுக்கைப் பிரித்து, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்; எங்கே இணைத்தார் என்ற குறிப்பு எதுவும் இருக்காது. அதனால் சைட்டில் இறங்கியதும், டூல்பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே, அண்மையில் வண்டியில் புதிதாக என்ன மாட்டினீர்கள் என்று ஆபரேட்டரிடமும் உரிமையாளரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுகிறேன்.