யார் விரலால் அளப்பது?

அக்குபஞ்சர் படிக்க வரும் ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் நான் வைக்கும் முதல் பயிற்சி இது. ஒருவரை உட்காரவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஸ்டொமக் 36 என்ற அக்குபஞ்சர் புள்ளி எங்கே என்று பேனாவால் குறிக்க வேண்டும். பேனாவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத மை, புற ஊதா விளக்கைக் காட்டினால்தான் ஒளிரும், அதனால் முன்னால் போனவரைப் பார்த்து வைக்க வழியே இல்லை. எல்லோரும் முடித்ததும் அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டுவேன். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இடம். ஒன்று எலும்பின் மேலேயே இருக்கும், ஒன்று கெண்டைக்கால் பக்கம் போயிருக்கும். அத்தனை பேரும் அந்தப் புள்ளியின் இடத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்தான்: முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து 3 சுன் (அந்தந்த ஆளின் உடம்பை வைத்தே கணக்கிடும் அளவு) இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே.

இவ்வளவு சிதறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், தன் கையால் அளப்பது. நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் 3 சுன், சரி, ஆனால் அது நோயாளியின் நான்கு விரல். பெரிய கை உள்ள மாணவர் ஒல்லியான ஒருவரின் காலில் தன் விரல்களை வைத்தால் புள்ளி கீழே இறங்கிவிடும். இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் நிற்காது, அந்த விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தால் நிற்கும்.

அப்புறம் இலாஸ்டிக் நாடாவைக் கொடுப்பேன். சம இடைவெளியில் கோடு போட்ட சாதாரண நாடா. மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை மடிப்பு வரை 12 சுன், ஆள் நெட்டையோ குட்டையோ 12தான். பூஜ்யத்தை மணிக்கட்டில் வைத்து, பன்னிரண்டாவது கோடு முழங்கையைத் தொடும்வரை இழுத்தால் நடுவில் உள்ள ஒவ்வொரு கோடும் அந்த ஆளுடைய ஒரு சுன். தொப்புளிலிருந்து கீழே அடிவயிற்றின் முடிவில் உள்ள பூப்பெலும்பின் மேல்விளிம்பு வரை 5, முழங்கால் பின்மடிப்பிலிருந்து வெளிக்கணுக்கால் வரை 16. விரல் அளவை விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

ஆனால் நாடா பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். மிச்சத்தை விரல்நுனிதான் தேட வேண்டும். பெரிகார்டியம் 6 மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். கையை மூடி மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கச் சொன்னால் இரண்டும் கயிறு மாதிரி எழும். ஒருமுறை ஒரு மாணவி தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இவங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றாள். அவள் விரல் சரியாகத்தான் சொன்னது, சிலருக்கு அந்த இரண்டில் ஒன்றான பால்மாரிஸ் லாங்கஸ் பிறவியிலேயே இருக்காது. அப்படிப்பட்ட கையில், இருக்கிற தசைநாணுக்கு சுண்டுவிரல் பக்கமாக ஒட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தில் இரண்டு கோடு இருக்கிறதே என்று கற்பனையாக ஒரு நடுவை அவள் குறித்துவைக்கவில்லை.

உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் விட்டுவிடுகிறார்கள். இப்போதே காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், ஒரு குழி விழும். அங்கேதான் ஸ்மால் இன்டஸ்டைன் 19. வாயை மூடினால் குழி போய்விடும். வாயை மூடியிருக்கும் நோயாளியிடம் அதைத் தேடி என்ன பயன்?

ஆசிரியருக்கு ஆசிரியர் இடம் மாறுகிறதே என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் பிரிவு 2008இல் 361 புள்ளிகளுக்கு இடம் வரையறுத்து வெளியிட்டது. அதில் 6 புள்ளிகளுக்கு மட்டும் ஒருமித்த கருத்து வராமல் மாற்று இடத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். மற்றவற்றுக்கு நான் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். தோள்மேட்டிலும் மேல்முதுகிலும் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், அடியில் நுரையீரல் இருக்கிறது.

விளக்குப் பயிற்சியை மாதம் ஒருமுறை திரும்ப வைக்கிறேன். புள்ளிகள் நெருங்கிவரும், ஆனாலும் ஒரு சிலருக்கு எப்போதும் ஒரே திசையில் தள்ளிப்போகும். அவர்கள் குறிக்கும்போது கையைப் பார்க்காமல் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். பக்கவாட்டில் நின்று எட்டிக் குறிப்பவரை நேர் எதிரே உட்காரவைத்தாலே பாதி சரியாகிவிடுகிறது.