‘போஸ்ட்யூமஸ்’: விருதுப் பட்டியலில் பார்த்துத் தவறாகப் படித்த சொல்

மத்திய அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, மாதிரித் தேர்வு ஒன்றின் ஆங்கிலப் பகுதியில், தந்தை இறந்த பிறகு பிறந்த குழந்தையை ஒரே சொல்லில் குறிப்பிடுமாறு கேட்டிருந்தார்கள். விடைகளுள் ‘போஸ்ட்யூமஸ்’ இருந்தும், அது விருதுக்குரிய சொல்லாயிற்றே என்று ஒதுக்கிவிட்டு ‘ஆர்ஃபன்’ என்பதைக் குறித்தேன். பத்ம விருதுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பார்த்துப் பார்த்து, இறந்தவருக்குத் தரும் மரியாதை என்றே அது மனத்தில் பதிந்திருந்தது. மதிப்பெண் கிடைக்காததோடு, தவறான விடைக்கான கழிவும் சேர்ந்தது.

உண்மையில் அச்சொல்லில் மரியாதை எதுவும் இல்லை. ஒருவரது இறப்பு முன்னும், அவரைச் சார்ந்த வேறொன்று பின்னும் நிகழ்ந்த கால வரிசையை மட்டுமே அது சொல்கிறது. அதனால்தான் அபிமன்யு போர்க்களத்தில் மாண்ட பின் உத்தரை பெற்றெடுத்த பரீட்சித்தும், எழுதியவர் மறைந்த பின் அச்சேறும் நூலும், காமராஜருக்கு 1976இல் அளிக்கப்பட்ட பாரத ரத்னாவும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குக் ‘கடைசி’ என்றே பொருள். மண்ணைக் குறிக்கும் ‘ஹியூமஸ்’ என்னும் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்தியதால் நடுவில் ஒரு ‘ஹெச்’ நுழைந்துவிட்டது. எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் இல்லை என்பதால், எழுத்துப்பிழை காணும் கேள்விகளில் பலர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

பொது அறிவுப் பகுதிக்கு, பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, மறைந்த நாளையும் விருது ஆண்டையும் அருகருகே எழுதிப் படித்தேன். 1966இல் லால் பகதூர் சாஸ்திரிதான் மறைவுக்குப் பின் பாரத ரத்னா பெற்ற முதல்வர். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார், விருது 1988இல் வந்தது. சி. சுப்பிரமணியம் 1998இல் விருது பெற்று 2000இல் மறைந்தவர். ஆகவே அவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பாடமாக அமைந்தது நேதாஜி விவகாரம். 1992இல் அவருக்கு ‘மறைவுக்குப் பின்’ பாரத ரத்னா என்று அறிவித்தபோது, இறப்பே ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படாதவருக்கு அச்சொல் எப்படிப் பொருந்தும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 1997இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்தானதாகக் கருதும்படி கூறி வழக்கை முடித்தது. அடைப்புக்குறிக்குள் கிடக்கும் சொல்தானே என்று நான் மேலோட்டமாகக் கடந்துபோனதற்கு இவ்வளவு கனம் இருந்திருக்கிறது.

மொழிபெயர்ப்புத் தாள் எழுதுவோர்க்கு இன்னொன்று. ‘மறைவுக்குப் பின்’, ‘இறப்புக்குப் பிந்தைய’ ஆகியவையே இதற்குப் பொருந்தும். ‘காலஞ்சென்ற’ என்பது ‘லேட்’ என்ற சொல்லுக்கு உரியது. பயிற்சித் தாளில் நான் பரீட்சித்தை ‘அபிமன்யுவின் காலஞ்சென்ற மகன்’ என்று எழுதிவைக்க, திருத்திய ஆசிரியர் சிவப்பு மையில், ‘அப்பா இறந்ததற்கு மகனை ஏன் கொன்றாய்?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.