கந்தகோட்டத்திலிருந்து ஒற்றியூருக்கு

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போகலாம் என்று அண்ணி சொன்னதும், தேரடி வரைக்கும் மெட்ரோ இருக்கிறதே என்றேன். "ரயில்ல போனா ஒற்றியூர் தெரியும் தம்பி. நடந்து போனாதான் அவரு எவ்ளோ தூரம் வந்தாருன்னு தெரியும்" என்றார். அவர் என்றால் வள்ளலார். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த அண்ணிக்கு வள்ளலார் வீட்டுப் பெரியவர் மாதிரி.

விடியும் நேரத்தில் ராசப்ப செட்டித் தெருவில் நின்றோம். கடைகளின் ஷட்டர் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பகலில் தள்ளுவண்டியும் மூட்டையுமாக நகர முடியாத தெரு, அப்போது கந்தகோட்டத்து மணியோசைக்கு வழிவிட்டுக் கிடந்தது. திருப்போரூரில் ஒரு புற்றிலிருந்து எடுத்து வந்த மூர்த்தி இந்த முருகன் என்பது தலவரலாறு. பின்னால் வள்ளலார் ஆன சிறுவன் இராமலிங்கம் இவர் முன்னால் நின்றுதான் தெய்வமணிமாலை பாடினார். ஊரை 'தருமமிகு சென்னை' என்று அதில் அழைத்திருக்கிறார். அந்தச் சொல் எனக்கு எப்போதுமே நெஞ்சை அடைக்கும். இந்த நெரிசலுக்குள் நின்று இந்த ஊரை அப்படிப் பார்த்த கண் எப்பேர்ப்பட்ட கண்!

அங்கிருந்து ஏழுகிணறு. கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக 1772இல் ஏற்பட்ட கிணறுகளால் வந்த பெயர். வீராசாமி பிள்ளைத் தெருவில் வள்ளலார் குடும்பம் இருந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. படிக்கப் போகாமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிறான் என்று அண்ணன் சபாபதிப் பிள்ளை கோபித்துச் சோறு போடக் கூடாது என்றபோது, அண்ணிதான் மறைவாக அழைத்துச் சாப்பாடு போட்டாராம். இன்னொன்றும் சொல்வார்கள். ஒற்றியூரில் தரிசனம் முடித்து நள்ளிரவில் திரும்பியவர், வீட்டாரை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு பரிமாறினார். சற்று நேரம் கழித்து நிஜ அண்ணி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான், முதலில் வந்தவள் ஒற்றியூர்க் கோயில் வடிவுடையம்மன் என்று தெரிந்தது. எத்தனையோ முறை கேட்ட கதைதான். அந்தத் தெருவில், காலை வெளிச்சத்தில், என் அண்ணி சொல்லக் கேட்டபோது மறுபடியும் கண் கலங்கியது.

அப்புறம் நேராக வடக்கே நடை. தங்கசாலை, எம்.சி. ரோடு, தண்டையார்பேட்டை, டோல்கேட். முதல் நாள் மழையில் சாலையோரம் முழுக்கத் தண்ணீர். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் எனக்குக் குதிகாலில் கொப்புளம். காலடிப்பேட்டை வந்ததும் கல்யாண வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தோம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த காலட் துரை நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை இது. காலட் பேட்டைதான் வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. புண்ணான காலோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மாற்றம் ரொம்பச் சரியாகவே பட்டது.

ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நடந்து தேரடிக்கு வந்தால், வரிசை சன்னதித் தெருவரைக்கும் நீண்டிருந்தது. இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். படம்பக்கநாதர் என்றும் பெயர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாளுக்காகத்தான் இத்தனை கூட்டமும்.

வரிசை நகர நகர, அண்ணி ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தார். விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்த கலிய நாயனார் இந்த ஊர்க்காரர். சுந்தரர் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தது இங்குள்ள மகிழ மரத்தடியில். திருவாரூர் நினைப்பு வந்து அந்தச் சத்தியத்தை மீறி எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா, "தோழனா இருந்தும் கண்ணை எடுத்துட்டாரே சாமி" என்றார். அண்ணி உடனே, "எடுத்தவரு திருப்பியும் குடுத்தாரும்மா. காஞ்சிபுரத்துல ஒண்ணு, திருவாரூர்ல ஒண்ணு" என்றார். கண்ணை இழந்த ஊரின் எல்லைக்குள், ஒரு கணம் கண்ணால் பார்ப்பதற்காக நாங்கள் அத்தனை பேரும் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தோம்.

கருவறையின் பின்பக்கம் யானை படுத்திருப்பதுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்கோயில். அந்த வளைவைக் கையால் தடவிப் பார்க்க ஆசை. கூட்டம் விடவில்லை.

முதலில் வந்தது வாசனைதான். சாம்பிராணியும் புனுகும் கலந்த கனமான வாசனை, படியேறும்போதே மூச்சில் ஏறிவிட்டது. பிறகு தீபம் உயர்ந்தது. கரிய, தைலம் பூசிய, வடித்தெடுக்காத ஒரு வடிவம். உளி படாத மேனி. இவ்வளவு பெரிய கோயில், இவ்வளவு கல் வேலை, அத்தனைக்கும் நடுவில் இந்தப் புற்று. காலையில் கும்பிட்ட முருகனும் புற்றிலிருந்து வந்தவர் என்ற ஞாபகம் அப்போதுதான் வந்தது. "நகருங்க, நகருங்க" என்ற குரல். வேண்டிக்கொள்ள எடுத்து வந்தது எதுவுமே ஞாபகம் வரவில்லை. சரி, வேண்டாம் என்று வெளியே வந்தேன்.

வட்டப்பாறை அம்மன் சன்னதியில், கம்பர் இரவில் எழுதப் பந்தம் பிடித்தவள் இவள்தான் என்று அண்ணி காட்டினார். தெற்கு நோக்கி நிற்கும் வடிவுடையம்மனிடம் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. இவள்மீது வள்ளலார் பாடிய வடிவுடை மாணிக்க மாலையை உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். நான் தூணில் சாய்ந்து அம்மனைப் பார்த்தேன், அண்ணியைப் பார்த்தேன், மறுபடி அம்மனைப் பார்த்தேன்.

வெளிப் பிராகாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். பைக்குள் எலுமிச்சை சாதம் இருந்திருக்கிறது. வழியெல்லாம் சொல்லவே இல்லை. டப்பா மூடியில் எனக்கு முதலில் வைத்தார். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா தம்பி?"

மூடியை நீட்டினேன்.