முதலில் கேபிளைக் கையில் எடுங்கள்

நெட்வொர்க்கிங் படிக்க வருபவர்களிடம் முதல் நாளே, நெட்வொர்க் வேலையை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பெயர்களை ஒப்பிக்க வந்துவிடும். ஆனால் லிங்க் விளக்கு எரியாத ஒரு கணினிக்கு முன்னால் உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாது. அடுக்குகளைக் கீழிருந்து, அதாவது கேபிளிலிருந்து, கையால் செய்து, வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்துப் படிப்பதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்: கம்பிகளைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், பத்து மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிள், அதன் முனையில் மாட்டும் ஆர்ஜே45 கனெக்டர் இருபது, ஒரு கேபிள் டெஸ்டர், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். கூடவே இரண்டு பழைய கணினிகள் போதும். கேபிள் முழுச் செம்பா, சிசிஏ-வா என்று கேட்டு வாங்குங்கள். சிசிஏ என்பது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். மின்சாரம் ஓடுவதற்குத் தடை அதிகம், மடக்கினால் முறியும். அதே கேபிளில் மின்சாரமும் எடுக்கும் சிசிடிவி கேமராவுக்கு அதை நீளமாக இழுத்தால், பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் இறங்கி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கும். கனெக்டரின் கிளிப் கீழே, கேபிள் நுழையும் வாய் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து 1 முதல் 8 வரை, டி568பி என்ற நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளிச்சட்டை கனெக்டருக்குள் நன்றாகப் போய், கிரிம்ப் செய்யும்போது அதோடு சேர்ந்து இறுக வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் யாராவது கேபிளை இழுக்கும்போது கம்பி தனியாகக் கழன்றுவிடும்.

பச்சை ஜோடியை ஏன் 3, 6-ஆம் இடங்களில் பிரித்து வைக்கிறோம்? இதைப் புரிந்துகொள்ள ஒரு கேபிளைத் தப்பாகவே செய்து பாருங்கள். இரண்டு முனையிலும் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடுக்குங்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஒரே சிக்னலைச் சுமக்கும் 3, 6 இப்போது ஒன்றாக முறுக்கப்பட்ட கம்பிகள் அல்ல. முறுக்கிய ஜோடியில் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். பெறும் பக்கம் வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். ஜோடி பிரிந்தால் அது நடக்காது. அரை மீட்டரில் ஓடிவிடலாம், முப்பது மீட்டரில் பிழைகள் குவியும். மலிவு டெஸ்டர் இணைப்பு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும்.

இன்னொரு சோதனை: பழுப்புக் கம்பி ஒன்றை மட்டும் வெட்டிவிடுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 போதும். அதனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஸ்பீடு டெஸ்ட் 94-ஐத் தாண்டாமல் நின்றால் நெட் கம்பெனிக்கு போன் செய்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

அடுத்தது ஐபி முகவரி, நெட்வொர்க்கில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண். ஒரு கணினிக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, பிங் அடியுங்கள், அதாவது ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வராவிட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரி) உரியது என்று கணினி குறித்து வைக்கும் ஏஆர்பி பட்டியலைத் திறந்து பாருங்கள். எதிர்க் கணினியின் மேக் முகவரி அங்கே இருந்தால் கேபிள், ஸ்விட்ச் இரண்டும் சரி, தடை மேல் அடுக்குகளில் இருக்கிறது. பிறகு இரண்டாவதை 192.168.20.2 ஆக்குங்கள். அதே கேபிள்தான், ஆனாலும் பேசாது. மாஸ்க்கை வைத்து "இது என் தெரு இல்லை" என்று முடிவு செய்யும் கணினி, வேறு நெட்வொர்க்குக்கு வழிவிடும் கேட்வேயைத் தேடும். கேட்வே இல்லாததால் அந்த முகவரி யாருடையது என்று கேட்கும் ஏஆர்பி கேள்வியே போகாது. கேபிளில் போய்வரும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி-யிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள்.

கடைசியாக, வேகமும் தாமதமும் வேறு வேறு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் ஓடும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16, வர 16, ஆக 32 மில்லிசெகண்ட். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் இது குறையாது. சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வருக்கு, வழியில் உள்ள ரூட்டர்களை வரி வரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால், சில மில்லிசெகண்டில் இருந்த எண் முப்பதுக்கு மேல் தாவும் இடத்தில் கடல் தாண்டியிருக்கும். நடுவில் ஏதாவது வரியில் நட்சத்திரக் குறி மட்டும் வந்து, அடுத்த வரிகள் ஒழுங்காக இருந்தால் அது கோளாறு இல்லை. அந்த ரூட்டர் பதில் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் கடத்திவிடுகிறது.